இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு

பெரியம்மாவுக்குக் காபி ஆற்றுவதில் ஒரு கர்வம் உண்டு. டம்ளரை ஒரு முழம் தூக்கி டவராவில் ஊற்றுவார், சொட்டு சிந்தாது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கத்திரி வெயிலில் ஒருநாள் காலை, காபி பாதிக்குமேல் அடுப்பு மேடையில் கிடந்தது. கை நடுங்கியது என்பதைவிட உதறியது என்பதே சரி. மத்தியானம் வாந்தி, பேதி. சாயங்காலம் பேச்சு குழறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: "பழைய வியாதி திரும்பிடுச்சு."

ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்தபோது 2.1 என்று வந்தது. அவருக்கு இருக்க வேண்டியது 0.6-லிருந்து 0.8-க்குள். 1.5-ஐத் தாண்டினாலே விஷம்.

பெரியம்மாவுக்குப் பதினான்கு வருஷமாக பைபோலார், அதாவது இருதுருவ மனநோய். சில மாதங்கள் தூக்கமே இல்லாமல் ஊரை விலைக்கு வாங்குகிற உற்சாகம். பிறகு எழுந்து பல் துலக்கக்கூட மனம் வராத மனச்சோர்வு. லித்தியம்தான் அவரை நிலையில் நிறுத்தியது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மிகை உற்சாக நிலையில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே உப்பு. புதிய மாத்திரைகள் எத்தனையோ வந்துவிட்டன. பைபோலாரில் தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் இதற்கு இருக்கும் அளவு சான்று வேறெதற்கும் இல்லை.

அந்த மருந்து எப்படி விஷமானது? அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கினார். அடுத்து பிரஷர் கூடியிருக்கிறது என்று பொது மருத்துவர் டெல்மிசார்டனும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்த ஒன்றை எழுதி, "உப்பைக் குறைங்கம்மா" என்றார். பிரஷருக்கு அது முறையான வைத்தியம்தான். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றும் அவர் கேட்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டார் பெரியம்மா.

சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறக்குறைய ஒரே முகம். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால், சோடியத்தை வெளியே விடாமல் அது இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. பிரஷர் மாத்திரையில் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைகளும், தயசைடு என்னும் நீர் மாத்திரையும் லித்தியத்தை ஏற்றிவிடக்கூடியவை. போதாதற்கு வெயிலின் வியர்வை. பெரியம்மா மாத்திரையை ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டிச் சாப்பிடவில்லை.

மனநல டாக்டரின் சீட்டு பீரோவில், புடவைக்கு அடியில். பிரஷர் டாக்டரின் சீட்டு டிவி மேல். இரண்டும் ஒரு தடவைகூட ஒன்றையொன்று பார்த்ததில்லை.

இதயத்தையும் மனதையும் தனித்தனிக் கட்டடத்தில் வைத்து வைத்தியம் பார்க்கும் நம் வழக்கத்தில், இந்த நோயாளிகளின் இதயம் நடுவில் விழுந்துவிடுகிறது. பைபோலார் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தற்கொலைதான் காரணம் என்று நினைப்போம். அதையும் தாண்டி அதிகம் பேரைக் கொண்டுபோவது இதய நோய். அமெரிக்க இதயச் சங்கம் 2015-லேயே, இளவயதில் வரும் பைபோலாரை ரத்தக்குழாய் அடைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும் நிலைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மருந்து மட்டுமே காரணமல்ல. நோயே இதயத்தைத் தொடுகிறது. ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்று மெதுவு என்று நெகிழ்ந்து துடிக்கும். மனச்சோர்வில் அந்த நெகிழ்வு குறைகிறது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, சிகரெட்டும் கூடிப்போனால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மூளைக்கு வருவோம். "இந்த மாத்திரை மூளையை மழுக்கிடும், நிறுத்திடு" என்று சொல்லாத உறவினர் எந்த வீட்டில் இருக்கிறார்? உணர்ச்சியின் அபாயமணி மாதிரி இருக்கும் அமிக்டலாவும், அதற்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதியும் ஒத்துப்போகாமல் இருப்பது பைபோலாரில் தெரிகிற ஒரு மாற்றம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பைபோலார் உள்ளவர்களின் மூளைப் புறணி சில இடங்களில் மெலிந்திருந்தது. லித்தியம் எடுப்பவர்களிடம் அந்த மெலிவு குறைவு. உறவினர் சொல்வதற்கு நேர் எதிர். ஆனால் அளவு மீறினால் இதே லித்தியம் சிறுமூளையைத் தாக்கும். தள்ளாட்டமும் குழறலும் அங்கிருந்துதான் வருகின்றன. சிலருக்கு அவை நிரந்தரமாகவே தங்கிவிடுவதுண்டு. லேசான விரல் நடுக்கம் சகஜம். டம்ளரைப் பிடிக்க முடியாத உதறல் சகஜமல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதயத்தில் மருந்துகள் செய்வது ஒன்றுபோல் இருப்பதில்லை. லித்தியம் சிலருக்கு இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவை மந்தமாக்கும். நாடி மிகவும் குறைந்து தலைசுற்றும், மயக்கம் வரும். ஈ.சி.ஜி.யில் 'டி' அலை தட்டையாவது பல நேரங்களில் தொல்லையில்லாத மாற்றம். அதிகம் கவனிக்க வேண்டியது 'க்யூ-டி' என்னும் இடைவெளி: ஒரு துடிப்பின் தொடக்கத்திலிருந்து, இதயம் மறுபடி மின்னேற்றி அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரையிலான நேரம். வேகத்துக்கேற்பத் திருத்திய கணக்கில் அது 500 மில்லி செகண்டைத் தாண்டினால் துடிப்பு தாறுமாறாகி, சில சமயம் நின்றே போகலாம். க்வெட்டியாபின் போன்ற மனநோய் மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராமும் இதைக் கொஞ்சம் நீட்டக்கூடியவை. தனியாக எடுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் மேல் சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு ஆன்டன்செட்ரான், வயிற்று உப்புசத்துக்கு டோம்பெரிடோன் என்று அடுக்கி, பேதியில் பொட்டாசியமும் போய்விட்டால் கணக்கு மாறிவிடுகிறது. நம் ஊரில் இவற்றையெல்லாம் சீட்டில்லாமலே வாங்கிவிடலாம்.

எஸ்சிடலோபிராமைச் சொன்னதால் இன்னொன்று. பைபோலாரின் மனச்சோர்வு வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மனச்சோர்வு மாதிரியேதான் இருக்கும். நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், ஆளைத் தூக்கி உற்சாகத்தின் உச்சியில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும், முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் 'சூப்பராக' இருந்த நாட்கள் உண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பைபோலாருக்குக் கொடுக்கும் ஓலான்சபின் மெதுவாக வேலை காட்டும்: எடை, சர்க்கரை, கொழுப்பு. ஆரம்பிக்கும் முன்பும், மூன்றாம் மாதமும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் இவற்றைப் பார்ப்பது முறை. லித்தியத்துக்குத் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கிரியாட்டினின், கால்சியம். முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் லித்தியத்துக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அந்த எண் பொய் சொல்லும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருப்பவர்களும் மருந்து தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் வால்ப்ரோயேட் என்னும் நிலைப்படுத்தும் மருந்தில் இருந்தால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். கர்ப்பத்தில் அந்த மருந்தை எடுத்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குப் பிறவிக் குறை வருகிறது.

இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் கேட்பது சட்டம் தந்த உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 22-ஆம் பிரிவு, நோய் என்ன, சிகிச்சை என்ன, தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்பதை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் புரிகிற மொழியில் சொல்லியாக வேண்டும் என்கிறது. 25-ஆம் பிரிவின்படி மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் பதில் 23-ஆம் பிரிவில் இருக்கிறது: ரகசியம் காக்கப்பட வேண்டும். "தனியா சொல்லணும் டாக்டர்" என்றால் போதும்.

காப்பீட்டில் உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படை மன நோய்க்கும் என்கிறது 21-ஆம் பிரிவு. 'மனநோய்' என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். சேவையில் குறை என்றால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளர், அடுத்து மனநல மறுஆய்வு வாரியம். மருந்தால் பாதிப்பு வந்தது என்று சந்தேகித்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை எண்ணமும் கூடும். நஞ்சேறிய அறிகுறி தெரியும்போது மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரண வாந்தி பேதி என்றாலும் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே மனநல டாக்டருக்கு போன் போட வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஐந்து நாள் சலைன் ஏறியது. பிரஷருக்கு அம்லோடிபின் என்று மாற்றினார்கள். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றார்கள். இப்போது ரேஷன் கார்டு உறையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார். எல்லா மாத்திரையின் பெயரும், கடைசி லித்தியம் அளவும் தேதியும் அதில் உண்டு. போன மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருந்தோம். பல் டாக்டர் வலி மாத்திரை எழுத ஆரம்பித்ததும் பெரியம்மா அட்டையை மேஜையில் வைத்தார். டாக்டர் படித்தார், எழுதியதை அடித்தார், பாரசிட்டமால் என்று மாற்றி எழுதினார். அறையில் அப்போது இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.