பெயரும் பொருளும்: யூனிக்ஸ் முறைமையில் நாடாச் சாதனக் கோப்புகள்

சொல்லுக்கும் பொருளுக்குமிடையிலான உறவு இயற்கையானதா, வழக்கினால் ஏற்பட்டதா என்னும் வினா இலக்கண ஆராய்ச்சியாளருக்குப் புதியதன்று. பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து நோக்கிய மரபு நம்முடையது. அவ்வினா கணனியறையிலும் எழுகின்றது. அங்கு அதற்குத் தவறான விடை காண்போர் பல மாத உழைப்பை இழக்கவும் நேரிடும். காந்த நாடாப் பொறிகளுக்கு யூனிக்ஸ் முறைமையில் சாதனக் கோப்புகள் ஆக்கப்படும் விதத்தை இந்நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

யூனிக்ஸ் முறைமை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் உருவாக்கப்படத் தொடங்கியது. இவ்விருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே, வெளிச்சாதனங்களையும் கோப்புகளாகவே கொள்ளும் ஏற்பாட்டினை அதன் சிறப்பியல்புகளுள் ஒன்றாக எடுத்துரைத்தனர். இதன்படி, கோப்பில் எழுதவல்ல நிரல் நாடாவிலும் எழுதவல்லதாகின்றது. கோப்பைக் காக்கும் அனுமதிகளே நாடாப் பொறியையும் காக்கின்றன. சாதனங்களின் பெயர்கள் ‘டெவ்’ என்னும் அடைவில் வைக்கப்படுவது வழக்கம்.

சாதனக் கோப்பு தோற்றத்திற் கோப்பாயினும் உள்ளடக்கமற்றது. அதனை இன்னதென நிருணயிப்பவை வகை, பேரெண், சிற்றெண் ஆகிய மூன்றுமே. சாதனம் எழுத்துவகையினதா தொகுதிவகையினதா என்பதை முதலாவது காட்டும். பொறியை நேரடியாக இயக்கும் நிரல் செலுத்தி எனப்படும். எச்செலுத்தியை அழைக்கவேண்டும் என்பதை முறைமையின் கருவுக்கு உணர்த்துவது பேரெண். அச்செலுத்தியின் பொறுப்பிலுள்ள எப்பொறி, எவ்வாறு இயங்கவேண்டும் என்பதை உணர்த்துவது சிற்றெண். கோப்பைக் கண்டடைந்த பின்னர், அதன் பெயரைக் கரு பொருட்படுத்துவதில்லை. ஆக, பெயர் இடுகுறியே. எண்களே காரணம் எனலாம்.

லினக்ஸ் முறைமையை உதாரணமாகக் கொள்வோம். அங்கு ஸ்கசி நாடாப் பொறிகளுக்குரிய பேரெண் 9 ஆகும். ‘எம்கேநொட்’ என்னும் கட்டளையைத் தொடர்ந்து, டெவ் அடைவிலே ‘எஸ்ரி0’ என்ற பெயர், எழுத்துவகையைக் குறிக்கும் ‘சி’, 9, 0 ஆகியவற்றை முறையே கொடுத்தால் முதலாவது பொறிக்குரிய கோப்பு உண்டாகும். பெயரை ‘என்எஸ்ரி0’ என்றும் சிற்றெண்ணை 128 என்றும் மாற்றிக் கொடுத்தால் அதே பொறிக்கு இரண்டாவது கோப்பு உண்டாகும். இக்கட்டளையை இடும் அதிகாரம் தலைமைப் பாவனையாளருக்கே உரியது. பின்னர், பொறுப்பான குழுவினருக்கு மாத்திரம் வாசிக்கவும் எழுதவும் அனுமதியளித்தல் வேண்டும்.

ஒரு பொறிக்கு இரண்டு கோப்புகள் எதற்கு? ‘எஸ்ரி0’ வழியாகத் திறக்கப்பட்ட நாடா, வேலை முடிந்து மூடப்பட்டதும் தொடக்கத்துக்குச் சுற்றப்படும். ‘என்எஸ்ரி0’ வழியாகத் திறக்கப்பட்டதோ நின்ற இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமைக்குரிய காப்புப்பிரதியை ‘எஸ்ரி0’ வழியாக எழுதியவர், மறுநாளும் அதே நாடாவில் அதே பெயரால் எழுதுவாராயின், திங்கட்கிழமைப் பிரதியின் மேலேயே எழுதி அதனை அழித்துவிடுகின்றார்.

இதனினும் பாரதூரமானது பிறிதொன்று. டெவ் அடைவில் இல்லாத பெயரொன்றைத் தலைமைப் பாவனையாளர் தவறுதலாக ‘ரார்’ என்னும் காப்பு நிரலுக்குக் கொடுப்பின், முறைமை அதனைப் பிழையெனக் கொள்வதில்லை. அப்பெயரில் சாதாரணக் கோப்பொன்று உருவாகும், பிரதி அதனுள் எழுதப்படும், நாடா அசையாது. டெவ் அடைவு வட்டிலேயே இருந்த பழைய முறைமைகளில், அவ்வட்டு பழுதடையும் நாளில் மூலமும் பிரதியும் ஒருங்கே அழியும். இன்றைய லினக்ஸில் அவ்வடைவு பெரும்பாலும் நினைவகத்தில் அமைவதால், கணனியை மீளத் தொடக்கியதுமே பிரதி மறைந்துவிடும். பெயர் இருந்தது, பொருள் இருக்கவில்லை.

இதனைக் கண்டறிதல் கடினமன்று. ‘எல்எஸ்’ கட்டளையின் விரிவான பட்டியலிலே சாதனக் கோப்பின் வரி ‘சி’ என்னும் எழுத்துடன் தொடங்கும். கோப்பின் அளவு இடம்பெறவேண்டிய இடத்தில் பேரெண்ணும் சிற்றெண்ணும் காணப்படும். வரி சிறு கோட்டுடன் தொடங்குமாயின் அது சாதாரணக் கோப்பேயாகும். அதற்குமேல், எழுதிய நாடாவை மீள வாசித்துப் பார்த்தலே உறுதியான சான்றாகும்.

இன்று பொறி இணைக்கப்பட்டதும் லினக்ஸ் இக்கோப்புகளைத் தானாகவே ஆக்கிக்கொள்கின்றது. ஆதலின் எம்கேநொட் கட்டளையின் தேவை அருகிவிட்டது. எனினும் சுற்றும் பெயரா, சுற்றாப் பெயரா என்பதைத் தெரிவுசெய்யும் பொறுப்பு மனிதரிடமே எஞ்சியுள்ளது. தன்னியக்கம் வழக்கை நம் கண்ணிலிருந்து மறைக்கின்றதேயன்றி, ஒழித்துவிடுவதில்லை. பெயருக்குப் பின்னுள்ள பொருளைச் சரிபார்க்கும் பழக்கம், ஏடுகளைப் பேணுவோருக்குப் போலவே நாடாக்களைப் பேணுவோருக்கும் இன்றியமையாததாகும்.