பந்தலில் ஏழுநாள் விருந்து
யூதர்தம் அறுவடைப் பெருநாளும் அடுக்களை நெறியும்

முதுகலை வகுப்பில் ஒருநாள் கொச்சி யூதர் செப்பேட்டைப் பயின்றுகொண்டிருந்தோம். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேரவேந்தன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய செப்பேடு அது. யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும், பகல்விளக்கு, பாவாடை, குடை உள்ளிட்ட 72 உரிமைகளையும் அது அளிக்கின்றது. யோசேப்பு என்பது நம்மிடையே யூசுப் என வழங்கும் பெயரேயாம். அஞ்சுவண்ணத்தார் பின்னாளில் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இடம்பெறுகின்றனர். அவர்களுள் முஸ்லிம் வணிகரும் இருந்தனர் என்பர் ஆய்வாளர்.

அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, குடையும் விளக்கும் இருக்கட்டும். இவர்கள் இங்கே எதை உண்டார்கள்? நம்முடைய ஹலால் உணவே அவர்களுக்கும் போதுமல்லவா?” என வினவினார். போதும் என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதைப் பின்னரே அறிந்தேன். தோல் வாணிகத்தின் பொருட்டுப் பன்னாட்டாரும் வந்துசெல்லும் நம் பகுதியில் இப்பிழை விருந்தினரைப் பசியோடு எழச்செய்யும் பிழையாகலாம்.

முதலில் பெருநாளைக் காண்போம். ‘சுக்கோத்’ எனும் எபிரேயச் சொல்லுக்குக் குடில்கள் என்பது பொருள். தமிழ் விவிலியம் இதனைக் கூடாரப் பண்டிகை என்னும். திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழுநாள் நிகழும் இது, செப்டம்பர், அக்டோபர் திங்களில் வரும். விளைச்சலைக் களஞ்சியம் சேர்த்த மகிழ்ச்சியும், எகிப்தினின்று விடுதலைபெற்ற முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் வாழ்ந்த நினைவும் இதில் ஒன்றுகூடும். பேரீச்சங் குருத்து, நார்த்தை இனக் கனி முதலிய நால்வகைத் தாவரங்களை ஏந்தி வணங்குவர். உணவோ வீட்டினுள் அன்று; வெட்டவெளியில் அமைத்த பந்தலில்! மண்ணில் முளைத்து வெட்டியெடுத்த தழையே அதன் கூரையாதல் வேண்டும். வெயிலினும் நிழல் மிகுந்திருத்தல் வேண்டும். கொச்சி யூதர் இதற்குத் தென்னங்கீற்றைப் பயன்கொண்டனர். கீற்றுப் பந்தலில் விருந்து என்பது நமக்கொன்றும் அயலானதன்று.

இனி அடுக்களை நெறி. அவர்தம் மறைநூல் ஏற்கும் உணவு ‘கோஷர்’ எனப்படும். பன்றியும் இரத்தமும் இருசாராருக்கும் விலக்கு. கூரிய கத்தியால் கழுத்தை அறுத்தல் இருசாராருக்கும் பொது. ஒற்றுமை இவ்வளவில் நிற்க, வேற்றுமை தொடங்குகின்றது. ஒட்டகம் நமக்கு ஆகும், அவர்க்கு ஆகாது. அறுப்பவர் அதற்கெனப் பயின்ற யூதராதல் வேண்டும். கத்தியின் வாயில் மயிரிழைப் பழுதும் இருத்தலாகாது. அறுத்தபின் நுரையீரலைச் சோதிப்பர். குறிப்பிட்ட கொழுப்பையும் தொடை நரம்பையும் நீக்குவர். பின்னர் இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பிட்டு, எஞ்சிய குருதியை வடிப்பர். நம்மூரில் உப்பைத் தோலுக்கு இடுவோம். அவர்கள் இறைச்சிக்கும் இடுவர்! நீர்வாழ்வனவற்றுள் துடுப்பும் செதிலும் உடைய மீனே ஆகும். கொச்சிக் காயலின் கரிமீன் ஆகும். சுறா, கெளுத்தி, இறால், நண்டு ஆகா. ஹனஃபி வழியினராகிய நமக்கும் நண்டு விலக்கே என்பதால் இது வியப்பளிக்காது.

இவை யாவற்றினும் பெரிய வேறுபாடு பாலும் இறைச்சியும் பற்றியது. இரண்டையும் சேர்த்துச் சமைத்தலும் உண்ணலும் கூடா, பாத்திரங்களும் வெவ்வேறு. இறைச்சி உண்டபின் பால் பொருளுக்குப் பலர் ஆறுமணி நேரம் காத்திருப்பர். ஆகவே தயிரில் ஊறிய இறைச்சியால் ஆக்கப்படும் நம் ஆம்பூர் பிரியாணி, எத்துணைத் தூய ஹலாலாயினும், நெறிபேணும் யூதர் முன் வைக்கத்தக்கதன்று. வேதம் வழங்கப்பட்டோரின் உணவு நமக்கும் நம் உணவு அவர்க்கும் ஆகுமானது என்னும் கருத்து அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் உண்டு. அது நம் வாயிலைத் திறந்து வைக்கும் அனுமதி. அவர் தமக்கெனப் பேணும் கட்டுப்பாட்டை நாம் தளர்த்திவிடலாம் என்பதன்று. இதற்குமேல் விளக்குதல் ஆலிம் பெருமக்களின் பணி.

கேரளத்து யூதப் பெண்டிர் இச்சிக்கலைத் தேங்காய்ப்பாலால் தீர்த்தனர். அது பாலன்று, தாவரச்சாறு. ஆதலின் கோழிக்குழம்பிலும் தாராளமாகச் சேரும். சட்டத்தைச் சற்றும் மீறாமல் சுவையைக் காத்த அறிவு அது. கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த பெனே இசுரவேலர் சனிக்கிழமை ஓய்ந்திருந்தமையால் ‘சனிவார் தேலி’ எனப் பெயர்பெற்றனர். அவர்களிடம் திஷ்ரி மாதத்தின் தொடக்கத்தில் புதுத்தானியமும் தேங்காய்ப்பாலும் கூட்டிய பாயசத்தால் கொண்டாடிய ‘கீர்’ திருநாள் ஒன்று இருந்தது. நம் பொங்கலை நினைவூட்டுவது. திராட்சை மதுவிற்கு மாற்றாக உலர்திராட்சையை ஊறவைத்த சர்பத்தையும் அவர்கள் வழிபாட்டிற் கொண்டனர். அவர்தம் நேர்ச்சைப் பண்டமாகிய அவல் ‘மலிதா’வின் பெயரைக் கேட்டால், நம் இல்லத்து மூதாட்டியர், ரொட்டியை உதிர்த்து வெல்லமும் நெய்யும் சேர்க்கும் தம் மலீதாவை எண்ணுவர்.

விருந்தைத் திட்டமிடுதலில் நாட்காட்டியே முதற் கண்ணி. இசுரவேலுக்கு வெளியே வாழ்வோர்க்கு முதலிரு நாள்களும் வேலை விலக்குடைய நாள்கள். அந்நாள்களில் சமைக்கலாம், ஆயின் புதிதாகத் தீமூட்டலாகாது, முன்னரே எரியும் சுடரிலிருந்தே பற்றவைத்தல் வேண்டும். சனிக்கிழமையிலோ சமையலே இல்லை. 2024இல் இப்பெருநாள் அக்டோபர் 16 மாலை தொடங்கிற்று; வியாழன், வெள்ளி இரண்டும் பெருநாள், அடுத்தது சனி. இவ்வாறு அமையுங்கால், புதன்கிழமையே ஒரு ரொட்டியும் சமைத்த ஓர் உணவும் சனிக்கென எடுத்துவைத்தால்தான் வெள்ளியன்று சனிக்காகச் சமைக்க இசைவுண்டு. முதல் இரவில் பந்தலில் ரொட்டி உண்பது கட்டாயம். அரிசி அதற்கு ஈடாகாது. நெல் விளையும் நாட்டில் கோதுமையைத் தேடிவைக்க வேண்டியதாயிற்று! அடுக்களையிலிருந்து பந்தலுக்குச் சுமக்க வேண்டியிருப்பதால் ஒரே பாத்திரத்தில் அடங்கும் குழம்பும் கூட்டாஞ்சோறும் ஏற்றவை. மழை பெய்தால்? கூழ் கெடும் அளவிற்கு மழை விழுந்தால் உள்ளே செல்லலாம் என்பது அவர்தம் பழைய சட்டநூலாகிய மிஷ்னாவின் தீர்ப்பு. துலா மழை தொடங்கும் கொச்சியில் இத்தீர்ப்பு பலமுறை பயன்பட்டிருக்கும்.

கொச்சியில் 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி இன்றும் நிற்கின்றது. மக்களுட் பெரும்பாலோர் 1950களில் இசுரவேலுக்குப் பெயர்ந்தனர். கல்கத்தாவிலும் அவ்வாறே குடும்பங்கள் அருகின. ஆயின் அந்நகரின் பாக்தாதி யூதர் இல்லங்களில் சமைத்தவர்களுள் பலர் முஸ்லிம்கள்! பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம் என்னும் நெறியைத் தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். அந்நகர யூதப்பள்ளிகளைப் பேணுவோரும் முஸ்லிம்களே.

அத்தகைய பயிற்சி இல்லாத ஆம்பூர் இல்லத்தில் என் செய்வது? நம் கலங்கள் தயிரும் இறைச்சியும் கலந்து புழங்கியவை. மண்கலமாயின் கழுவினும் அவர்க்கு ஆகாது. எனவே சமைத்த பண்டத்தை வற்புறுத்தலாகாது. தோலுரியாத வாழைப்பழம், ஆரஞ்சு, மாதுளை, ஓட்டோடு நிலக்கடலை, அவர் கண்முன் சீவிய இளநீர், புதிய கண்ணாடிக் குவளை. இவற்றை முற்றத்தில் நிழல் பார்த்து வைத்து, “இவற்றுள் தங்களுக்கு எது ஆகும்?” என அவரையே கேட்டுவிடுதல் நலம்.