பட்டாணிச் செடியும் சேவலும்

"எங்கள் பையன் காலேஜில் சினிமா எடுக்கிறானாம், ஸார்!" என்று பெற்றோர் நம்மிடம் சொல்வதுண்டு. அந்தக் குரலில் பெருமையும் கவலையும் சரிபாதியாகக் கலந்திருக்கும். கணிதம், ரஸாயனம் என்றால் அது படிப்பு. காமிராவைத் தூக்கிக்கொண்டு நாலு பேருடன் தெருத்தெருவாக அலைவது எந்த விதத்தில் படிப்பாகும்? நியாயமான கேள்விதான். ஊடகக் கல்வி பயிலும் மாணவர் எடுக்கும் குறும்படத்தினால் உண்மையில் கற்கப்படுவது என்ன என்பதை இரண்டு மாணவர்களின் அநுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

முதல் மாணவர் நாற்பது வயதைத் தாண்டியவர். பெயர் தாதாசாகேப் பால்கே. பம்பாயில் ஏசுநாதரின் சரித்திரத்தைத் திரையில் பார்த்த அவருக்கு, ராமனையும் கிருஷ்ணனையும் இவ்விதம் நம் ஜனங்கள் காணும் நாள் எந்நாளோ என்ற ஏக்கம் பிறந்தது. அதன் பிறகு ஓயாமல் படம் பார்த்துப் பார்த்துக் கண் பார்வையே சிறிது காலம் கெட்டுப் போயிற்று. சிகிச்சை செய்துகொண்டு தேறினார். இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியை அடகு வைத்துக் கடன் வாங்கி, 1912-ல் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே சில தினங்களில் தொழிலைக் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டு, ஒரு வில்லியம்ஸன் காமிராவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார்.

காமிரா வந்ததும் புராணக் கதையில் இறங்கிவிட்டாரா என்றால், இல்லை. படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் கொடுப்பவருக்கு நம்பிக்கை வேண்டும். ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே காமிராவை அசையாமல் நிறுத்தினார். விதை முளைத்துச் செடியாகும் வரையில், ஒரு மாதத்துக்கு மேல், இடைவிடாத சிரத்தையுடன் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். இத்தனை பிரயாசைக்கும் கிடைத்த பலன், ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் சின்னஞ்சிறு படம். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு மாதம் அடங்கியிருந்தது! செடி கிடுகிடுவென்று வளர்ந்ததைப் பார்த்த நண்பர்களுக்கு நம்பிக்கை வந்தது, கடனும் கிடைத்தது.

மனைவி சரஸ்வதிபாய் நகைகளை ஈடாகக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பிலிமில் துளையிடுவது, கழுவுவது முதலிய இருட்டறை வேலைகளையும் கற்றுக்கொண்டு கணவருக்குத் துணை நின்றார். 1913-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா' திரையிடப்பட்டது. அந்தப் பெரிய மரத்துக்கு வித்து, தொட்டியில் ஊன்றிய பட்டாணிதான் என்றால் மிகையாகாது.

பால்கேக்குப் பாடம் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் நம் நாட்டில் இருக்கவில்லை. பிற்காலத்தில் அந்தக் குறை தீர்ந்தது. புனே நகரில் புகழ்பெற்ற பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்திலேயே 1960-ல் சர்க்கார் ஒரு திரைப்படப் பயிற்சிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். நம் இரண்டாவது மாணவர் அங்கே பயின்றவர். மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக் என்னும் அவர், வைத்தியப் படிப்பை முடித்து டாக்டரான பிறகு, தொலைக்காட்சிப் பிரிவில் ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தார்.

வருஷ முடிவில் அங்கே ஒரு கூட்டுப் பயிற்சி உண்டு. டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய நான்கு துறை மாணவர்களும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். நாயக் தேர்ந்துகொண்டது, சிறு வயது முதல் தம் மனத்தில் சுமந்துவந்த கன்னட நாட்டுப்புறக் கதை. ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். சேவல் கூவாததால் ஊரில் பொழுதே விடியவில்லை! இந்தக் கதை வேண்டாம் என்ற யோசனையும் அவருக்குச் சொல்லப்பட்டது. படம் பிடிக்கக் கிடைத்த அவகாசமோ நாலே நாள். விடியாத ஊரின் கதையாகையால் இருளிலேயே எடுத்தாக வேண்டும்.

படம் 16 நிமிஷம் ஓடுகிறது. 'சூரியகாந்திப் பூக்களே முதலில் அறிந்தன' என்பது அதன் பெயரின் பொருள். 2024-ல் பிரான்ஸ் தேசத்துக் கான் திரைப்பட விழாவின் மாணவர் பகுதிக்கு உலகெங்குமிருந்து 2,263 படங்கள் வந்தன. அவற்றுள் 18 மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தப் பதினெட்டில் முதற் பரிசு, கிழவியும் சேவலும் வந்த கன்னடப் படத்துக்குக் கிடைத்தது.

பரிசு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே அதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்விருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசான் யார்? குறுக்கம்தான். ஒருவருக்குப் பணமில்லை, ஒரு தொட்டிச் செடியோடு நின்றார். மற்றவருக்கு நாளில்லை, பாட்டி காலத்துக் கதை ஒன்றோடு நின்றார். இருவரும் தூர தேசத்துக் கதையைத் தேடிப் போகாமல் கைக்கு எட்டியதைக் கூர்ந்து பார்த்தார்கள்.

முதற்படம் எடுக்கும் மாணவன் சீக்கிரத்தில் ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறான். மனத்தில் கண்ட காட்சி வேறு, காமிராவில் விழுந்த காட்சி வேறு. நம் கண், வேண்டியதை மட்டும் பார்க்கும். காமிராவோ மூலையில் கிடக்கும் துடைப்பத்தையும் சேர்த்தே பார்க்கும். நம் காது, தெருவில் போகும் லாரியைத் தள்ளிவிட்டு எதிரில் பேசுபவரைக் கேட்கும். மைக் அவ்வளவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. பிறகு படத்தொகுப்பு மேஜையில் கடைசிப் பரீட்சை காத்திருக்கிறது. இராப் பகலாய்ப் பாடுபட்டு எடுத்த அழகான காட்சி, கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. அதை வெட்டி எறிய வேண்டும். வகுப்பில் கட்டுரை எழுதும் பிள்ளைகள் தாங்கள் எழுதிய வாக்கியம் ஒன்றை அடிக்க எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதை நாம் தினந்தோறும் காண்கிறோம். தன் உழைப்பைத் தானே நடுநிலையோடு நிறுத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உதவும். நாலு பேரோடு ஒத்து வேலை செய்யும் பழக்கமும் அப்படியே.

பெரும்பாலான முதற்படங்கள் சுமாராகத்தான் அமையும். அந்தச் சமயத்தில் வீட்டிலுள்ளோர் சொல்லும் ஒரு வார்த்தை, மாணவனின் ஊக்கத்தை வளர்க்கவும் செய்யும், முளையிலேயே கிள்ளவும் செய்யும். ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் பிள்ளையோ பெண்ணோ தாம் எடுத்த ஏழெட்டு நிமிஷப் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், நடுவில் எழுந்து போகாமல் கடைசி வரை பாருங்கள். எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பிற்பாடு விசாரித்துக்கொள்ளலாம். "எந்தக் காட்சியை எடுத்துவிட்டு வேண்டாமென்று நீக்கினாய்? ஏன்?" என்று முதலில் கேளுங்கள். தடுமாறாமல் காரணம் சொல்லும் பிள்ளை நன்றாகவே படித்திருக்கிறது என்று நிச்சயமாக நம்பலாம்.