டிராக்டருக்குத் திருட்டு எச்சரிக்கைக் கருவி: தேர்வும் பொருத்தும் முறையும்

நிலத்திற்கும் வீட்டிற்கும் அடுத்தபடியாக உழவரிடம் உள்ள விலை உயர்ந்த பொருள் டிராக்டர்தான். பலர் அதைக் கடனில் வாங்கித் தவணை கட்டி வருகின்றனர். வண்டி களவு போனாலும் தவணை நிற்பதில்லை. பருவத்தில் உழவு மட்டும் நின்று விடுகிறது. காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போர் நிலையும் இதுவே. இதனால் வண்டியோடு வராத திருட்டு எச்சரிக்கைக் கருவியைக் கடையில் வாங்கித் தனியே பொருத்திக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர்.

கடைகளில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் நகரத்துக் கார்களை எண்ணிச் செய்யப்பட்டவை. வீடுகள் நெருங்கிய தெருவில் சைரன் அலறினால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஊருக்கு வெளியே மோட்டார் கொட்டகை ஓரம் நிற்கும் டிராக்டரில் அலறினால் யார் காதில் விழும்? ஆகவே இரவில் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தே கருவியைத் தேர்வு செய்ய வேண்டும். சத்தம் எழுப்புவதைவிட வண்டியை நகர விடாமல் தடுப்பதே முக்கியம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

இக்கருவியில் நான்கு பாகங்கள் உண்டு. அதிர்வையோ கதவு, பானெட் திறப்பதையோ அறியும் உணர்வி முதலாவது. அந்தச் செய்தியைப் பெற்று முடிவு செய்யும் பெட்டி இரண்டாவது. சைரன் மூன்றாவது. செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே நான்காவது. கையில் வைத்துக்கொள்ளும் ரிமோட் மூலம் கருவியைப் பூட்டவும் திறக்கவும் செய்யலாம். ரிலே இல்லாத கருவி வெறும் மணியே. விலை குறைவு என்பதற்காக அதை வாங்குவதில் பயன் குறைவு.

இடத்திற்கு ஏற்ற தேர்வு

1. வீட்டு முற்றத்தில் வண்டி நிற்குமானால் அதிர்வு உணர்வி, சைரன், ரிலே ஆகிய மூன்றும் உள்ள சாதாரணக் கருவி போதும். சைரனுக்குள்ளேயே சிறு பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கவும். வண்டியின் பேட்டரி வயரைத் திருடன் வெட்டினாலும் அது தொடர்ந்து ஒலிக்கும்.

2. வயல் கொட்டகையில் நிற்குமானால் சிம் கார்டு பொருத்திய, உரிமையாளரின் கைப்பேசியை அழைக்கும் கருவியே ஏற்றது. வாங்குமுன் அதே நிறுவனத்தின் சிம் போட்ட கைப்பேசியைக் கொட்டகையில் வைத்து, சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். சிம் கார்டுக்குப் பணம் கட்டத் தவறினால் கருவி ஊமையாகிவிடும். இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் செய்தி அனுப்ப இந்த சிக்னலையே நம்பியுள்ளது.

3. சந்தை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் நிறுத்தும் சரக்கு வண்டிக்குக் கதவு உணர்வி முக்கியம். அதிர்வு உணர்வியைக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். பேருந்து கடக்கும் போதெல்லாம் அலறும் கருவியை நான்காம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உரிமையாளரே அதை நிறுத்தி வைத்துவிடுவார்.

டிராக்டரில் மூடிய அறை கிடையாது. மழையும் புழுதியும் நேரே படும். எனவே ஐபி 67 என்ற தரக்குறி உள்ள கருவியைக் கேட்டு வாங்கவும். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது இதன் பொருள். ரிமோட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு அழுத்தத்திற்கும் குறியீடு மாறும் வகையே பாதுகாப்பானது. ஒரே குறியீட்டை அனுப்பும் ரிமோட்டை நகல் எடுப்பது எளிது.

பேட்டரிக் கணக்கு

வண்டி ஓடாத நேரத்திலும் கருவி சிறிதளவு மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் ஓடும் காருக்கு இது பொருட்டல்ல. உழவு முடிந்து ஓரிரு மாதம் கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்கு இதுவே பெரிய குறை.

20 மில்லி ஆம்பியர் எடுக்கும் கருவி ஒரு நாளில் 0.48 ஆம்பியர் மணி செலவிடும். 30 நாளில் இது 14.4 ஆம்பியர் மணி ஆகும். 75 ஆம்பியர் மணி பேட்டரி இதைத் தாங்கும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் கருவியோ 30 நாளில் 72 ஆம்பியர் மணியைக் குடித்துவிடும். மழை பெய்து, உழவுக்குப் பதம் வந்த அன்று செல்ஃப் எடுக்காது. இறங்கிய நிலையிலேயே பல நாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளும் கெட்டுவிடும்.

எனவே பூட்டிய நிலையில் எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கடைக்காரரிடம் கேட்கவும். 20-க்கு மேற்படாததாகத் தேர்வு செய்யவும். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது வாரம் ஒரு முறை இன்ஜினை அரை மணி நேரம் ஓட விடவும். ஓடாமல் நிற்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றுவது நல்லது.

பொருத்தும் முறை

வயரிங் தெரிந்த ஆளைக் கொண்டே பொருத்த வேண்டும். உரிமையாளர் அருகில் இருந்து கீழ்க்கண்டவற்றைக் கவனித்துக்கொள்ளவும்.

1. வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். வேலை முடிந்தபின் அதைக் கடைசியாக மாட்டவும்.

2. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கருவிக்கு வரும் வயரில், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையெனில் வயர் உராய்ந்து சேசிஸில் பட்டால் தீப்பிடிக்கும். ஃபியூஸின் அளவு கருவியின் குறிப்பேட்டில் உள்ளபடி இருக்கட்டும்.

3. வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது டிராக்டருக்கு ஒத்துவராது. அதிர்வில் பிரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்தோ, கிரிம்ப் செய்தோ இணைத்து, மேலே சுருங்கும் உறை போடவும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் வைத்து இறுக்கவும்.

4. பெட்டியை சைலன்சர் சூட்டிலிருந்து விலக்கி, கை எட்டாத இடத்தில் மறைவாக வைக்கவும். சைரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தங்காது. பானெட்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைப்பது அவசியம். பேட்டரியைத் தொடுமுன்பே சைரன் ஒலிக்க இது உதவும்.

5. ரிலேயை, சாவி ஸ்விட்சிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் மெல்லிய வயரில் இணைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளில் கை வைக்கக் கூடாது. 30 ஆம்பியருக்குக் குறையாத ரிலேயாக இருக்கட்டும். சாவியைத் திருப்பும்போது மட்டும் ரிலே இயங்குமாறு இணைக்கவும். எந்நேரமும் இயங்கினால் அதுவே பேட்டரியை இறக்கிவிடும்.

6. ரிலேயின் 30, 87ஏ முனைகள் வழியே செல்ஃப் வயரைச் செலுத்தினால், கருவி பழுதானாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். நடுக்காட்டில் தவிக்க நேராது. கருவியின் வயரை வெட்டும் திருடனுக்கும் இது வழிவிடும் என்பதால்தான் பெட்டியை மறைத்து வைக்கச் சொல்கிறோம்.

ஓடும் வண்டியின் இன்ஜினைக் கைப்பேசி மூலம் நிறுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம். டிரெய்லரோடு சரிவில் இறங்கும் டிராக்டரின் இன்ஜின் திடீரென நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பழைய, புதிய டிராக்டர்கள்

மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத டீசல் இன்ஜின் ஒரு முறை ஓடத் தொடங்கினால் சாவியை எடுத்தாலும் நிற்காது. ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் நிற்கும். மேலும் செல்ஃப் மோட்டாரின் முனைகளைத் திருப்புளியால் இணைத்தோ, தள்ளியோ இத்தகைய வண்டியைக் கிளப்ப முடியும். ஆகவே பழைய டிராக்டருக்கு ரிலே மட்டும் போதாது. கிளட்ச் மிதியைப் பூட்டும் இரும்புத் தடி ஒன்றையும் சேர்த்துப் போடவும். டீசல் காக்கை மூடி வைப்பதும் நல்ல தடை. சற்றுத் தூரத்திலேயே வண்டி நின்றுவிடும். காலையில் மறவாமல் காக்கைத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்யவும். மறந்தால் டீசல் குழாயில் ஏர் பிடித்து, அதை எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துள்ளன. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இத்தகைய வண்டிகளில் கண்ட வயரை வெட்டினால் கணினிப் பெட்டி கெட நேரும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், விற்பனையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பின்னரே கருவி பொருத்தவும்.

பொருத்தியபின் சோதனை

கருவியைப் பூட்டி ஐந்து நிமிடம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று பார்க்கவும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. பிறகு பூட்டிய நிலையில் சாவியைத் திருப்பி, செல்ஃப் எடுக்காததை உறுதி செய்யவும். மாடு உரசினாலோ இடி இடித்தாலோ அலறாத அளவிற்கு அதிர்வு உணர்வியைக் குறைக்கவும். ரிமோட் பழுதானால் கருவியை நிறுத்தும் மறைவு ஸ்விட்ச் எங்குள்ளது என்பதை, வண்டி ஓட்டும் நம்பிக்கையான ஒருவருக்கும் சொல்லி வைக்கவும். எலி வயரைக் கடிக்கும் கொட்டகையாயின் மாதம் ஒரு முறை வயர்களைப் பார்வையிடவும்.

காப்பீடு

எந்தக் கருவியும் காப்பீட்டுக்கு ஈடாகாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டி களவு போனால் இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு தேவை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் ஒப்புதல் அளித்த கருவியைப் பொருத்திச் சான்று பெற்றால், சொந்தச் சேதக் கட்டணத்தில் 2.5 விழுக்காடு, அதிகபட்சம் 500 ரூபாய் சலுகை உண்டு என்று கூறப்பட்டது. உங்கள் நிறுவனம் இச்சலுகையைத் தருகிறதா என்று புதுப்பிக்கும்போது கேட்டறியவும்.

கருவியின் ரசீது, இன்ஜின் எண், சேசிஸ் எண், வண்டியின் இரண்டு சாவிகள் ஆகியவற்றை வீட்டில் பத்திரமாக வைக்கவும். இழப்பீடு கோரும்போது இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். களவு தெரிந்தவுடன் 112 என்ற எண்ணில் காவல் துறைக்குத் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் காலம் கடத்தாமல் எழுதவும்.

வேலி போட்டவர் காவலையும் மறப்பதில்லை. கருவி பொருத்திய பின்னும் இரவில் சாவியை வண்டியில் விடாமலிருப்பதும், இயன்றவரை வீட்டருகே வண்டியை நிறுத்துவதும் செலவில்லாத காவல்களாகும். உழவர்கள் இவற்றோடு தங்கள் இடத்திற்கு ஏற்ற கருவியையும் தேர்ந்து பொருத்தினால், பருவம் தவறாமல் உழவு செய்து பயன் பெறலாம்.