சிற்றுருக் கார்கள்: பேணலும் புதுக்கலும்

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் காணும் விருப்பம் மக்கட்கு இயல்பு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாயிருத்தலை மாணாக்கர் அறிவர். அமெரிக்க நாட்டுச் சிறுவர் சென்ற நூற்றாண்டில் அவ்வாறு சிறிதாக்கிக்கொண்டது மோட்டார்க் காரை. மிச்சிகன் மாநிலத்து ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம் 1948இல் அலுமினியத்தாற் சிற்றுருக் கார்களை வார்க்கத் தொடங்கிப் பின்னர்ப் பிளாஸ்ரிக்கிற்கு மாறியது. 1958இல் அது வெளியிட்ட பெட்டிகளில், ஒரே காரை மூவகையாய் அமைத்தற்கு வேண்டிய உறுப்புகள் இருந்தன. அளவு, மெய்யான காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒட்டுதலும் வண்ணந்தீட்டுதலும் வாங்கினோன் கடன்.

இவ்வளவில் நின்றிருப்பின் இஃது ஒரு விளையாட்டேயாம். ஆயின் கூர்த்த கண்ணுடைய சிலர் பெட்டியில் இல்லாதனவற்றையும் தாமே ஆக்கினர். எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கிற்குச் செல்லும் கம்பி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் தடிப்புடையது. இருபத்தைந்தால் வகுப்பின் 0.28 மில்லிமீற்றர். தையல் நூலின் தடிப்பும் ஏறத்தாழ அதுவே. ஆகவே தாயின் தையற் பெட்டியே அவர்க்குப் பண்டசாலையாயிற்று. உறுப்புகளைத் தாங்கிவந்த பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டி, அது குழைந்து தொய்யும் தறுவாயில் விலக்கி இரு கையாலும் இழுப்பர். மயிரிழைபோல் நீளும் அதுவே றேடியோ ஏரியலாகும். விரைந்து இழுப்பின் மெலியும். மெல்ல இழுப்பின் தடிக்கும். சுடரைத் தொடின் எரியும். வெள்ளி நிறத்து முன்கிராதியின்மேல் நீர்த்த கருவண்ணத்தைப் படரவிட்டு, மேடுகளை மாத்திரம் துடைத்தெடுப்பர். பள்ளங்களில் நிழல் நின்றுவிடும்.

இவற்றுள் யான் பெரிதும் வியப்பது வண்ணப்பூச்சைப் பற்றிய அறிவையே. சிற்றுருவின்மேல் 0.1 மில்லிமீற்றர்ப் பூச்சு, மெய்யான காரின்மேல் 2.5 மில்லிமீற்றர் தடித்த பூச்சுக்கு ஒப்பாகும். கதவின் விளிம்புகள் மழுங்கிப் பாகு வார்த்த பண்டம்போலத் தோன்றும். ஆகலின் மெல்லிதாகப் பலமுறை பூசி, இடையிடையே நுண்ணிய அரத்தாளால் தேய்த்துக் குறைப்பர். இக்காலத்தில் அமிலத்தால் அரித்த உலோகத் தகடுகளாகவும், கணினிவழி அச்சிட்டும் நுண்ணுறுப்புகளை விற்கின்றனர். அவை திருத்தமானவை; மறுப்பதற்கில்லை. எனினும், எஃது எவ்வளவு மெல்லிதாயிருத்தல் வேண்டுமெனச் செய்வோன் தானே அளந்து பார்க்குந் தேவை அவற்றால் ஒழிந்தது. அதனை இழப்பென்றே கருதுகின்றேன்.

நிற்க. அப்பழைய வேலைகள் இப்பொழுது மீண்டும் சந்தைக்கு வருகின்றன. காலம் அவற்றை வாளா விடவில்லை. அசற்றேற்று வகைப் பிளாஸ்ரிக்கில் வார்த்தவை முறுகியுள்ளன. மென்மையான ரயர்கள் தாம் தொட்டிருந்த சில்லுகளை உருக்கியுள்ளன. வாங்குவோர் பலர் பிரேக் எண்ணெயில் ஊறவைத்துப் பழைய வண்ணத்தை முற்றாகக் களைந்து புத்துருவாக்குகின்றனர்.

கனடாவில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், 1932ஆம் ஆண்டுப் போர்ட் காரின் சிற்றுரு ஒன்றை வாங்கி, அவ்வாறு களையலாமோ என்று படங்களுடன் எழுதிக் கேட்டார். எட்டு உருளை எஞ்சின், முன்னர்ச் செய்தோன் கறுப்பு நூலால் எட்டுக் கம்பிகள் இட்டிருக்கின்றான், ஐந்தே எஞ்சியுள. முன்கண்ணாடியின் ஓரத்தில், பசையிற் பதிந்த பெருவிரற் சுவடு ஒன்று. சிறுவனதாதல் வேண்டும், அத்துணைச் சிறிது.

ஏட்டுச்சுவடி பதிப்போர் அறிந்த வேறுபாடொன்று இங்கும் பொருந்தும். செல்லரித்த எழுத்தை ஊகித்து நிரப்புதல் ஒன்று. ஆசிரியன் பாடத்தை நம் விருப்பம்போல் மாற்றுதல் வேறொன்று. உருகிய சில்லு காலத்தின் குற்றம், மாற்றுக. விரற்சுவடு செய்தோனுடையது, தொடற்க. சீரான பூச்சுக்காக அதனை அழிப்போர் தாம் வாங்கிய பொருளையே அழிப்போராவர். இவ்வாறு எழுதினேன். விற்றுப் பொருளீட்டுவோர் இதற்கு உடன்படார் என்பதும் அறிவேன்.

அவர் சில்லை மாற்றினார். உதிர்ந்த மூன்று கம்பிகளுக்கும் நூலே இட்டார். ஆயின் கறுப்பன்று, கருஞ்சாம்பல் நிறம். எவை முன்னோனுடையன, எவை தம்முடையன என்று பின்னர்க் காண்போர் பிரித்தறிதற் பொருட்டு, பதிப்பாசிரியர் தாம் நிரப்பிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவதுபோல.