பழைய பிக்-அப் வண்டிகளும் புகைச் சோதனை விதிகளும்

புனே நகரின் கிழக்கு எல்லையில், முளா-முட்டா ஆற்றை ஒட்டியும் அகில்யாநகர் (முன்னாள் அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியும் அமைந்துள்ளது கராடி. கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளால் இன்று பெயர் பெற்றுள்ள இப்பகுதி, சரக்கு வண்டிகளின் வழித்தடமாகவும் விளங்குகிறது. வாகோலிப் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து ஜல்லியும், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையிலிருந்து உற்பத்திப் பொருள்களும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காய்கறியும் பாலும் இச்சாலை வழியாகவே நகருக்குள் நுழைகின்றன. பெரிய லாரிகள் நுழைய இயலாத சந்துகளுக்குள் இவற்றைக் கொண்டு சேர்ப்பவை பிக்-அப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகளே.

இவ்வகை வண்டிகளுக்கும் புனேக்கும் உள்ள தொடர்பு பழையது. ஆக்குர்டியில் உற்பத்தியான டெம்போ வண்டியின் பெயர், நாளடைவில் எந்தச் சிறு சரக்கு வண்டிக்கும் உரிய பொதுப் பெயராகவே இந்நகர மக்களின் பேச்சில் நிலைத்துவிட்டது. 1988ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் தனது முதல் பிக்-அப் வண்டியைப் புனேயில்தான் உருவாக்கியது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த, இரண்டே உருளைகள் கொண்ட டீசல் எஞ்சினுடைய டாட்டா ஏஸ் வண்டியும் தொடக்கத்தில் புனேயிலேயே தயாரானது. ஓர் ஓட்டுநர் தாமே உரிமையாளராகவும் ஆவதற்கு வழி செய்த வண்டி இது எனலாம். அவ்வாறு 2005இல் பதிவான முதல் வண்டிகள் 2020ஆம் ஆண்டில் பதினைந்து வயதை எட்டின. ஆகவே, பழைய வண்டியை எவ்விதிகளின் கீழ், எத்தகைய சோதனைக்குப் பின் தொடர்ந்து ஓட அனுமதிப்பது என்னும் கேள்வி இன்று பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பைத் தொடும் கேள்வியாகிவிட்டது. அதே வேளையில், 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், காற்றுத் தரம் நிர்ணய அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் புனேயும் இடம் பெற்றுள்ளது என்பதை மறந்துவிடலாகாது.

பதிவும் தகுதிச் சான்றும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். சொந்த உபயோகத்துக்கான கார், மோட்டார் சைக்கிள் போன்றவற்றின் பதிவு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். வாடகைக்குச் சரக்கேற்றும் பிக்-அப் வண்டியோ போக்குவரத்து வாகனம் என்னும் வகையைச் சேர்ந்தது. இதற்கு 56ஆம் பிரிவு பொருந்தும். உரிய தகுதிச் சான்றிதழ் இல்லாத போக்குவரத்து வாகனம், சட்டத்தின் பார்வையில் செல்லத்தக்க பதிவே பெறாத வாகனமாகக் கருதப்படும். பதிவுச் சான்று கையில் இருந்தாலும் தகுதிச் சான்று காலாவதியான மறுநாள் அப்பதிவுக்குப் பொருள் இல்லை. புனே ஓட்டுநர்கள் இதனைப் 'பாசிங்' என்று அழைக்கின்றனர். நம் பக்கத்தில் 'எஃப்.சி. காட்டுவது' என்று சொல்வதும் இதுவே.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எட்டு ஆண்டுகள் நிறையாத வண்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். இச்சோதனையில் தடுப்பான், விளக்கு, திசைமாற்றி ஆகியவற்றுடன் புகையும் பார்க்கப்படுகிறது. இதனினும் வேறான ஒரு சான்றும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதிப்படி, முதற்பதிவாகி ஓராண்டு கடந்த ஒவ்வொரு வண்டியும் 'மாசு கட்டுப்பாட்டில் உள்ளது' என்னும் சான்றை எப்பொழுதும் வைத்திருத்தல் வேண்டும். பி.யு.சி. என்று வழங்கும் இச்சான்று பாரத் நிலை நான்கும் அதற்குப் பிற்பட்டதுமான வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முற்பட்டவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும்.

வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கும் இவ்விரு சான்றுகளும் இன்றியமையாதவை. தமிழ்நாட்டில் பதிவான பிக்-அப் ஒன்று கராடியில் தொழில் செய்ய வந்து, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்குமாயின், 47ஆம் பிரிவின்படி மராட்டிய மாநிலப் பதிவெண் பெற்றாக வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. புதிய மாநிலத்தின் வரியையும் செலுத்த வேண்டும்.

சோதனையில் அளக்கப்படுவது யாது?

புகைச் சோதனை என்றதும், வண்டி வெளியிடும் எல்லா நச்சும் அளக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பெட்ரோல் வண்டியாயின், எஞ்சின் சும்மா ஓடும் நிலையில் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பன்களும் அளக்கப்படுகின்றன. மிகப் பழைய நான்கு சக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதம் வரை அனுமதி. பாரத் நிலை நான்கு வண்டிகளுக்கு 0.3 சதவிகிதம் மட்டுமே. பத்து மடங்கு வேறுபாடு.

டீசல் வண்டிக்கு முறை வேறு. எஞ்சின் நன்கு சூடேறிய பின், வண்டியை நகர்த்தாமலே முடுக்கி மிதியை முழுவதும் அழுத்தி, வெளிவரும் கரும்புகையின் அடர்த்தியைப் புகைமானியால் அளக்கின்றனர். ஹார்ட்ரிட்ஜ் அலகு என்பது இதன் பழைய அளவை. 43 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயில் புகையை நிரப்பி ஒரு புறத்திலிருந்து ஒளியைச் செலுத்தினால், எத்தனை சதவிகித ஒளி மறுபுறம் வந்து சேராமல் மறைகிறதோ, அதுவே அந்த எண். பாரத் நிலை நான்குக்கு முந்திய டீசல் வண்டிகளுக்கு 65 வரை அனுமதி. நிலை நான்கு வண்டிகளுக்கு அது 50. விதி நூல்களில் இவையே மீட்டருக்கு 2.45, 1.62 என்னும் ஒளி உறிஞ்சு கெழுக்களாகக் காணப்படும்; கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர் இரண்டும் ஒன்றே என்பதை எளிதில் உணரலாம்.

இம்முறையின் குறைபாடு வெளிப்படையானது. வண்டி நிற்கும்போது, சுமையின்றி, சில நொடிகளுக்குச் செய்யப்படும் சோதனை இது. ஒன்றரை மடங்கு பாரத்துடன் திவே கணவாயில் ஏறும்போது அதே எஞ்சின் கக்கும் புகைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. நைட்ரஜன் ஆக்சைடுகள் இதில் அளக்கப்படுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் அவ்வாறே. எரிபொருள் பம்பைச் சோதனைக்கு முன் சற்றுக் குறைத்து வைத்து, சான்று பெற்றதும் பழையபடி திருப்பிவிடும் வித்தையை அறியாத மெக்கானிக் நாட்டில் எங்கும் இல்லை எனலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த அளவுகோலால் சோதிப்பது என்பதை வண்டியின் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அது பிறந்த விதி தீர்மானிக்கிறது. மஷேல்கர் தலைமையில் 2001இல் அமைக்கப்பட்டு 2002இல் அறிக்கை அளித்த நிபுணர் குழு, பெருநகரங்களுக்கு முதலிலும் பிற பகுதிகளுக்குப் பின்னரும் கடுமையான நிலைகளை அமல்படுத்தும் வழியைக் காட்டியது. அதன்படி புனே 2005இல் மூன்றாம் நிலையையும், 2010இல் பதின்மூன்று நகரங்களுள் ஒன்றாக நான்காம் நிலையையும் ஏற்றது. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு நான்காம் நிலை 2017 ஏப்ரல் முதல் நாளில்தான் முழுமையாக வந்தது. அன்றிலிருந்து மூன்றாம் நிலை வண்டிகளை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று நாள் முன்னதாக ஆணையிட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில், ஒரே ஆண்டில் தயாரான இரு பிக்-அப் வண்டிகளுள் ஒன்று நான்காம் நிலையிலும் மற்றது மூன்றாம் நிலையிலும் பதிவாகியிருக்கக் கூடும். இன்று இரண்டும் கராடிச் சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றுக்கு 50, மற்றதற்கு 65.

சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும்

பொருளாதாரம் பயின்றவர்கள் பிகு என்னும் ஆங்கிலேய அறிஞரை அறிவர். ஒருவரது தொழிலால் மற்றவருக்கு நேரும் கேட்டின் மதிப்பை அத்தொழில் செய்பவரிடமே வரியாகப் பெறுதல் வேண்டும் என்பது 1920இல் அவர் விளக்கிய கொள்கை. புகைக்கு இது நன்கு பொருந்தும். ஆனால் வரி விதிக்க வேண்டுமாயின் புகையை நேர்மையாக அளந்தாக வேண்டும். இங்கேதான் நமது ஏற்பாட்டின் பலவீனம் தென்படுகிறது. புகைச் சான்று வழங்கும் நிலையத்தை வண்டிக்காரரே தெரிந்தெடுக்கிறார். கட்டணத்தையும் அவரே செலுத்துகிறார். கண்டிப்பான நிலையத்தை விட்டு இளகிய நிலையத்தை நாடுவது இயல்பு. கண்டிப்பு காட்டும் நிலையம் வாடிக்கையை இழக்கும். தனி மனிதரின் ஒழுக்கக் கேடு என்று இதனைக் கொள்வதைவிட, ஏற்பாட்டின் பிழை என்று கொள்வதே பொருத்தம்.

தகுதிச் சான்று வழங்கும் முறையிலும் இக்குறை பேசப்பட்டதுண்டு. சோதனை ஏதுமின்றியே சான்று வழங்கப்படுவதாகப் புனேயைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், 250 மீட்டர் நீளமுள்ள தடுப்பான் சோதனைத் தடம் இல்லாத வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தகுதிச் சான்று வழங்கலாகாது என்னும் நிலையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் எடுத்தது. தடங்கள் அதன் பின்னரே அமைந்தன. மோட்டார் வாகன ஆய்வுக்குப் புகழ் பெற்ற ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இதே நகரின் குன்றின் மேல் இயங்கிவரும்போது, அடிவாரத்தில் ஒரு சோதனைத் தடத்துக்கு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது வியப்புக்குரியதே.

தண்டனையைக் கூட்டுவது ஒரு வழி. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 190ஆம் பிரிவின் கீழ் மாசு விதியை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. முன்னர் முதல் குற்றத்துக்கு 1,000 ரூபாயே அபராதமாக இருந்தது. மற்றொரு வழி, காப்பீட்டுடன் பிணைப்பது. புகைச் சான்று இல்லையேல் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதன் விளைவாகக் காப்பீடே இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் சிக்கியோர் இழப்பீடு பெற இயலாத நிலை ஏற்படும் என்பது சுட்டிக்காட்டப்பட்டதால், 2024 ஜூலையில் அந்நிபந்தனையை நீதிமன்றமே நீக்கியது. ஒரு கேட்டைத் தடுக்க இன்னொரு பாதுகாப்பைப் பணயம் வைக்கலாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாவது வழி, சோதிப்பவரையே மாற்றுவது. 2021 செப்டம்பரில் வெளியான விதிகள், மனிதத் தலையீடு குறைந்த தானியங்கிச் சோதனை நிலையங்களை அமைக்க வகை செய்தன. வண்டி பழுது பார்க்கும் தொழிலில் ஈடுபட்டோர் இந்நிலையங்களை நடத்தலாகாது என்பது இவற்றின் முக்கியக் கூறு. முடிவு கணிப்பொறியில் நேரே பதிவாகும். கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல், இலகு ரக வண்டிகளுக்கு 2024 ஜூன் என்று முதலில் குறிக்கப்பட்ட கெடு, போதிய நிலையங்கள் எழாமையால் 2024 அக்டோபருக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

வயதா, புகையா?

தில்லியில் வயதே அளவுகோலாயிற்று. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும், பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகரப் பகுதியில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியதை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் இந்நிலை மறுபரிசீலனைக்கு வந்தது. புனேயில் அத்தகைய தடை இல்லை. ஆனால் கட்டணத்தின் வழியே வயது இங்கும் நுழைந்துள்ளது. பதினைந்து ஆண்டு கடந்த இலகு ரகப் போக்குவரத்து வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 7,500 ரூபாய், கனரக வண்டிக்கு 12,500 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரில் மீண்டும் திருத்தப்பட்டு, பத்து ஆண்டு கடந்த வண்டியிலிருந்தே கட்டணம் படிப்படியாக ஏறத் தொடங்கியது.

இதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. 7,500 ரூபாய் என்பது மாதத்துக்கு 625 ரூபாய். இத்தொகை நன்கு பராமரிக்கப்பட்டு 40 ஹார்ட்ரிட்ஜ் காட்டும் பழைய வண்டிக்கும், 64 காட்டித் தப்பிப் பிழைக்கும் வண்டிக்கும் ஒன்றே. முந்தையவர் செலவிட்டுப் பராமரித்ததற்குப் பயன் யாது? வயதை அளப்பது எளிது, செலவும் இல்லை. அதனால் நிர்வாகம் அதனை விரும்புவது புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும் நம்பத்தக்க சோதனை நிலையங்கள் பெருகும்போது, கட்டணத்தை அளந்த புகையோடு பிணைப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

அரசு தன் வண்டிகளுக்கு வயதையே ஏற்றுக்கொண்டுவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. தனியார் வண்டியாயின், தானியங்கிச் சோதனையில் தோற்றுப் பழுது நீக்கிய பின் மறுசோதனையிலும் தோற்றால் மட்டுமே அது ஆயுள் முடிந்த வண்டியாகக் கொள்ளப்படும். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால், ஒப்படைப்புச் சான்று ஒன்று கிடைக்கும். அதனைக் காட்டிப் புதிய வண்டி வாங்குவோருக்குப் பதிவுக் கட்டண விலக்கும், போக்குவரத்து வண்டியாயின் 15 சதவிகிதம் வரை வரிச் சலுகையும் உண்டு.

அண்மையில் கராடி பைபாஸ் சந்திப்பில் ஓடு ஏற்றி வந்த ஓட்டுநர் ஒருவருடன் உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. அவரது வண்டிக்கு வயது பதினேழு. "பாசிங்குக்கு மட்டும் ஒரு மாத வருமானம் போய்விடுகிறது, சாஹேப், புது வண்டிக்குத் தவணை கட்ட என்னால் ஆகாது" என்றார். இதை உடைக்கக் கொடுத்தால் அவர் வாங்கப் போவது எட்டு வயதான இன்னொரு வண்டியை. அதற்கு வரிச் சலுகை இல்லை. ஒப்படைப்புச் சான்றைத் தாமே பயன்படுத்த இயலாதவர், புது வண்டி வாங்கும் வேறொருவருக்கு அதனை விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம் என்று விதியில் இடம் உண்டு. அச்செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.