முந்நூறு குஞ்சு... ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி!

கள்ளக்குறிச்சி மீன் மார்க்கெட்டில் ஜிலேபி கெண்டையைப் பார்த்தால் நமக்கு வருவது ஒரே சந்தேகம்தான். குழம்பா, வறுவலா?

அடுத்த தடவை வாணலியில் போடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு கும்பிடு போடுங்கள் சார்! முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாத்து, பிள்ளைகள் வெளியே வருகிறவரை கிட்டத்தட்டப் பட்டினி கிடக்கிற தாய் அது. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த பிறகும், ஆபத்து என்றால் வாயைத் திறக்கும். மொத்தக் கும்பலும் உள்ளே ஓடிப் பதுங்கிக்கொள்ளும்.

இந்த ஜிலேபி, சிக்லிட் என்கிற பெரிய குடும்பத்தில் ஒரு மெம்பர். கண்ணாடித் தொட்டியில் மிடுக்காக நிற்கிற ஏஞ்சல், தட்டு மாதிரி இருக்கிற டிஸ்கஸ், சாப்பாட்டு நேரத்தில் முகத்தையே பார்க்கிற ஆஸ்கர், நெற்றியில் கொழுக்கட்டையோடு திரிகிற ஃப்ளவர்ஹார்ன் எல்லாமே ஒரே கோத்திரம். குட்டி போட்டுவிட்டு, பசித்தால் அதையே முழுங்குகிற கப்பி மாதிரி இல்லை. பெற்ற பிள்ளையைக் காவல் காக்கிற ரகம். அதனால்தான் ஆபீஸ் போகிற பிரம்மச்சாரிகூட ரூமில் ஒரு தொட்டி வைத்து, சிக்லிட்டைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட முடிகிறது. அதற்கப்புறம்தான் இருக்கிறது சங்கதி!

பொருத்தம் நாம் பார்க்கக் கூடாது

சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கிறார்கள். அங்கே போய் 'ஒரு ஆண், ஒரு பெண் கொடுங்க' என்று கேட்டால், நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும். சின்ன வயசு ஏஞ்சலில் ஆண் பெண் பார்த்தால் தெரியாது. ஆறு குஞ்சாக வாங்கி ஒன்றாக வளர்க்க வேண்டும். ஜாதகம், தரகர் எதுவும் இல்லாமல் அதுகளே ஜோடி சேரும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்ட ஆரம்பித்தால் 'நிச்சயதார்த்தம் முடிந்தது' என்று அர்த்தம்.

உடனே தனிக்குடித்தனம் வைத்துவிடுங்கள். கள்ளக்குறிச்சியே 2019-ல்தான் விழுப்புரத்தை விட்டுத் தனி மாவட்டமாக வந்தது. பாவம், மீனுக்கு ஆசை இருக்காதா?

ஆனால், தொட்டி பழசாக இருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றுகிற பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற நாலு வாரமாவது ஆகும். மோட்டார் ஃபில்டர் வேண்டாம், குஞ்சை உறிஞ்சிவிடும். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல், இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். மென்மையான தண்ணீர் ஏஞ்சலுக்குப் பிடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் செல்லக்காசு நிம்மதியாக இருக்கும். சூடு 26 முதல் 28 டிகிரி. ஊருக்குள் கவலையில்லை. கல்வராயன் மலை மேல், வெள்ளிமலைப் பக்கம் இருக்கிறவர்கள் மார்கழிக்கு ஒரு ஹீட்டர் வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை முட்டை

ஏஞ்சல் சனிக்கிழமை முட்டை போட்டதாக வைத்துக்கொள்வோம். இலையிலோ, சாய்த்து வைத்த ஓட்டிலோ வரிசை வரிசையாக ஒட்டும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். திங்கள் ராத்திரி, செவ்வாய்க்குள் பொரியும். ஆனால் குஞ்சு நீந்தாது. ஒட்டிய இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் மஞ்சள் கரு என்கிற கட்டுச்சோறு இருக்கிறது. அடுத்த சனி, ஞாயிறில்தான் நீச்சல்.

அதுவரைக்கும் ஒரு துளி தீனி போடக் கூடாது. 'பாவம், பசிக்குமே' என்று தூவினால் தண்ணீர் கெடும், குஞ்சு போகும். தொட்டிக்குள் டார்ச் அடிப்பது, கண்ணாடியைத் தட்டுவது, நண்பர்களைக் கூட்டி வந்து காட்டுவது எல்லாம் கூடாது. ராத்திரி பட்டென்று லைட்டை அணைத்தால் ஜோடி மிரண்டுவிடும். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்.

முதல் ஒன்றிரண்டு ஈட்டை அப்பா அம்மாவே தின்றுவிடுவது சகஜம். அனுபவம் பத்தாது. விட்டுப்பிடியுங்கள்.

மீனுக்கும் தாய்ப்பால்!

செல்லக்காசு நம்ம ஊர் சிக்லிட். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு, விரல் நீளம். கேரளாவில் வாழையிலையில் பொள்ளிச்சுத் தருகிறார்களே கரிமீன், அதற்குத் தம்பி முறை. அப்பாவும் அம்மாவும் மணலில் குழி பறித்துக் குஞ்சுகளை அதில் போட்டுக் காக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகள் பெற்றவர்களின் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். டிஸ்கஸ் மீனிலும் இந்தக் கதை உண்டு. டிஸ்கஸின் பெருமை உலகத்துக்கே தெரிகிறது. நம்ம செல்லக்காசுக்கு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

மற்றதுக்கெல்லாம் ஆர்ட்டீமியாதான் கதி. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அதில் ஒரு சிட்டிகை ஆர்ட்டீமியா முட்டை, ஏர் பம்ப். 24 முதல் 36 மணி நேரத்தில் ஆரஞ்சுத் தூசி மாதிரி பொரியும். துணியில் வடித்து, அலசிப் போடுங்கள். காலை, சாயங்காலம், படுக்கப் போகும்போது. மத்தியான டியூட்டிக்கு அம்மாவைத் தாஜா பண்ணுங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஏர் டியூபால் உறிஞ்சி மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் முதல் நாளே பிடித்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்ற வேண்டும்.

கணக்கு உதைக்கிற இடம்

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. இரண்டடித் தொட்டி, ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். சுமார் 54 லிட்டர் பிடிக்கும். ஒரு ஈட்டில் 300 குஞ்சு பிழைத்தால், தலைக்கு 180 மில்லி. ஒரு டம்ளர் தண்ணீர்! குஞ்சு வளரும், தொட்டி வளராது. மூணாவது வாரம் வளர்ச்சி நிற்கும், வால் கோணும், காலையில் எழுந்தால் பத்து மிதக்கும்.

அதனால் முட்டை போடுவதற்கு முன்பே கடைக்காரரிடம் பேசிவிடுங்கள். காசு தராவிட்டாலும் தீனிக்கு மாற்றிக்கொள்வார். எத்தனை குஞ்சுக்கு இடம் இருக்கிறதோ அத்தனையை மட்டும் வளருங்கள். மீதியைப் பெற்றவர்களோடு விட்டால் எண்ணிக்கை தானாகக் குறையும். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆற்றிலும் 300-ல் 300 பிழைப்பதில்லை.

கோமுகிக்கு சீர் வேண்டாம்

கடைசியாக ஒரு ஐடியா தோன்றும். 'அணையில் விட்டுடலாமே, புண்ணியம்!' அங்கேதான் வருகிறது வினை.

ஜிலேபி கெண்டை நம்ம ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காக்காரர். 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்தார். சின்ன உருவத்திலேயே இனம் பெருக்கி, பிள்ளையை வாயில் வைத்துக் காப்பாற்றி, ஏரி குளமெல்லாம் பட்டா போட்டுக்கொண்டார். உள்ளூர் மீனுக்கு இடமும் இரையும் குறைந்ததுதான் மிச்சம். 'டேங்க் கிளீனர்' என்று நாம் வாங்கித் தொட்டியில் விட்ட மீனும் இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. எந்தக் குணத்துக்காக சிக்லிட்டைக் கொண்டாடுகிறோமோ, அந்தக் குணம்தான் ஆற்றில் ஆபத்து.

கோமுகி, கல்வராயன் மலையில் பிறந்து அணையில் தேங்கி, மணிமுக்தா வழியாக வெள்ளாறு வரை போகிற தண்ணீர். மேகம் அருவிக்குப் பிக்னிக் போகும்போது பாலிதீன் பையில் ஒரு ஜோடியை விட்டு வந்தால், திரும்பக் கூப்பிட முடியாது.

தொட்டிக்குள் அப்பா மீன் தூங்காமல் காவல் காக்கிறது. தொட்டிக்கு வெளியே காவல் காக்கிற வேலை மட்டும் உங்களுடையது சார்!